உருண்ட முகத்துக்கு உச்சியில் முடி

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, கொழுந்தன் விட்டுப்போனது ஒன்று, ஆக வளர்த்தது ஐந்து. ஐந்து தலைக்கும் எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, சிக்கெடுத்து ஆளாக்கினவள் நான். அதனால் தலைமுடியைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்கிறவர்கள் எழுந்து போகலாம், கோவித்துக்கொள்ள மாட்டேன்.

இதை என் வயதுப் பெண்களுக்குத்தான் சொல்கிறேன். நமக்கெல்லாம் சடை எலிவால் ஆகிவிட்டது. கொண்டை போட்டால் எலுமிச்சங்காய் அளவுக்கு வருகிறது. டவுனில் புதிதாக பார்லர் திறந்ததிலிருந்து உங்களுக்கெல்லாம் ஒரே சபலம். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், ரேஷன் கடையில் பார்த்தால், என் காதோரம் வந்து கேட்கிறீர்கள்: "ஏனுங்கக்கா, நானும் உங்களையாட்டம் குட்டையா வெட்டிக்கட்டுங்களா? எனக்கு நல்லாருக்குமா?" நான் ஐம்பது வயதிலேயே வெட்டிக்கொண்டவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. அப்போது சிரித்தவர்களும் நீங்கள்தான். பரவாயில்லை.

என் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். என்னையாட்டம் வெட்டாதே. உன் முகத்துக்கு வெட்டு.

என் பேத்தி போனில் ஒரு படம் காட்டினாள். முகத்தை வகை வகையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். முட்டை மாதிரி ஒன்று, வட்டமாக ஒன்று, சதுரமாக ஒன்று, இதயம் மாதிரி ஒன்று. இதயம் மாதிரி முகம் உள்ளவளை நான் இந்த மலையில் பார்த்ததில்லை. பார்த்தால் பயந்துவிடுவேன். நமக்கு வேறு கணக்கு வேண்டாம், தோட்டத்தில் இருப்பதே போதும். ஆரஞ்சு முகம், அதாவது அகலமும் நீளமும் ஒன்றாக இருப்பது. பேரிக்காய் முகம், நெற்றி ஒடுங்கித் தாடை அகன்றது. பீர்க்கங்காய் முகம், நீளமாய் இறங்குவது. நான் பீர்க்கங்காய், என் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அதனால் எனக்கு நெற்றியில் கொஞ்சம் முடி விழ வேண்டும், உச்சியில் தூக்கக் கூடாது. தூக்கினால் முகம் கழுத்துவரை போய்விடும்.

அம்மா ஆரஞ்சு. எனக்கு முகம் பார்க்கத் தெரிந்ததே அம்மாவின் தலையால்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுதுவது பேத்தி. பேசினவர்களின் பேச்சை மட்டும் அவர்கள் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. லைன் வீடு, அதாவது எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டது, தகரக் கூரை. பக்கத்து வீட்டில் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. அத்தைக்குக் குழந்தை இல்லை, வாய் உண்டு. அவள் ரவிக்கை தைப்பாள். லைன் முழுவதற்கும் அவள் கையால் தைத்த ரவிக்கைதான்.

அம்மாவின் முடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுருட்டை, அடர்த்தி. ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவாள். மலைக் குளிரில் அது காய்வதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். ஈர முடியின் வாசனையும் விறகுப் புகையும் கலந்து வீடெங்கும் நிற்கும். நான் அந்த முடிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். கொண்டை போட்டால் உரித்த தேங்காய் அளவுக்கு இருக்கும். காப்பி பறிக்கிற பெண்கள், "பூ வெச்சா பத்தலீங்க, பூச்செடியே வெக்கலாம்" என்பார்கள்.

அப்பாவுக்குக் கவாத்து வேலை. காப்பிச் செடியை அளவாக வெட்டி ஒதுக்கிவிடுவதற்குக் கவாத்து என்று பேர். மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளை கழிப்பதும் அவர்தான். சில்வர் ஓக் மரத்தில் ஏறினால் கீழே இருக்கிறவர்களுக்கு அவர் தெரிய மாட்டார், அரிவாள் சத்தம் மட்டும்தான் வரும்.

வைகாசி மாதம். முதல் மழை பெய்து மூடுபனி இறங்கியிருந்தது. அம்மா பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அப்பாவுக்குச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அப்பா மேலிருந்து வெட்டிய கிளை அவள் தலையில் விழுந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அதற்காக இடது காதுக்கு மேலே கை அகலத்துக்குச் சிரைத்திருந்தார்கள். மற்றப் பக்கமெல்லாம் முழங்கால் வரைக்கும் முடி. அம்மா வீட்டுக்கு வந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்த அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: ஒரு வருஷத்துக்குத் தலையை இறுக்கிக் கட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. சடை கூடாது, கொண்டை கூடாது, சவுரி கூடவே கூடாது. இழுத்தால் தையல் போட்ட இடம் விண்விண்ணென்று தெறித்து, அம்மா வாந்தி எடுத்துவிடுவாள். ஒரு தடவை கேட்காமல் கொண்டை போட்டுப் பார்த்தாள், ராத்திரி முழுக்க அனுபவித்தாள்.

அதிலிருந்து துண்டுதான். அடுப்படியில் துண்டு, தூக்கத்தில் துண்டு. தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே போக மாட்டாள். நானும் அத்தையும் பிடித்து வந்து ஊற்றுவோம்.

அப்பா அம்மாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். வேலை விட்டு வந்தால் வாசலில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். பேச வேண்டியதை என்னிடம் பேசுவார். "கண்ணு, உங்கம்மாளுக்கு மாத்திர குடுத்தியா?" அம்மா இரண்டடி தள்ளித்தான் நிற்பாள்.

ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னாள்: "உங்கப்பனுக்கு என்ற மூஞ்சியப் பாக்கவே புடிக்கல சாமி. முடி போச்சுன்னா பொம்பளைக்கு என்ன இருக்குது."

நான் நம்பினேன். எட்டு வயதில் அம்மா சொன்னால் வேதம். அப்பாவின் மேல் எனக்கு வெறுப்பே வந்தது. அவர் வாங்கி வந்த பொரியைத் தொடாமல் வைத்தேன். இன்றைக்கு யோசித்தால் அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகத் தப்பாக நினைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் குளிர் காய்ந்திருக்கிறோம்.

ஆடி மாதம் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. கீழே சேலத்துப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை, அவரைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். வெற்றிலை பாக்குத் தட்டை அம்மா முன்னால் வைத்து, காலில் விழுந்து எழுந்தார்.

"அக்கா, ஆவணியில கல்யாணமுங்கக்கா. பொண்ணு ஊட்டுலதான் பந்தல்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே கை துண்டுக்குப் போனது.

"நல்லா நடக்கட்டும் சாமி. மாமனையும் புள்ளையையும் அனுப்பி வெக்கிறன்."

"நீ?"

"நான் எப்படி வாரது? இந்தத் தலையோட."

"நீ வராம முடிச்சு யாரு போடறது?"

உங்களுக்குத் தெரியாதது இல்லை. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற முடிச்சு அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். எங்கள் மாமாவுக்குக் கூடப்பிறந்தது அம்மா ஒருத்திதான்.

"சித்தப்பன் மக இருக்கறாள்ல, அவ போடட்டும். நல்ல காரியத்துல கட்டுக்கழுத்தி பூ இல்லாம, துண்டக் கட்டீட்டு நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? தாலி அறுத்தவன்னு நெனைப்பாங்க. உன்ற மாமனாரு ஊட்டுல உனக்குத்தான் சாமி தலகுனிவு."

மாமா கொண்டுவந்த தேங்காய் பன்னை என் கையில் கொடுத்துவிட்டு மழையோடு பஸ்ஸுக்குப் போனார். அவர் போன பிறகு அம்மா அந்த வெற்றிலைத் தட்டை எடுக்கவே இல்லை. வெற்றிலை வாடுகிறவரை அது அங்கேயே இருந்தது.

அத்தை களத்தில் இறங்கினாள். "சேர்வராயன் கோயிலுக்குப் போயி மொட்ட போட்டுக்க அம்மிணி. சாமிக்கு முடி குடுத்தன்னு சொல்லிப்போடலாம். மொட்டையப் பாத்து ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, கையெடுத்துக் கும்புடுவாங்க."

நல்ல யோசனைதான். ஆனால் அம்மா ஒப்பவில்லை.

"நான் ஒண்ணும் வேண்டிக்கிலீங்க அண்ணி. வேண்டாத வேண்டுதல சாமி பேருல சொல்லி அந்தப் பந்தல்ல நிக்கோணுமா? அதும் தம்பி கல்யாணத்துல? வேண்டாமுங்க."

"அப்ப வெட்டிப்போடு! மேனேஜர் பங்களா அம்மா வெட்டிக்கலியா, காது மட்டத்துக்கு? அவங்களுக்கென்ன, புருசன் நல்லாத்தான இருக்காரு, நேத்துக்கூடக் கத்தீட்டிருந்தாரு."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அதை அத்தை கவனித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முடி வெட்டுகிறவர் லைனுக்கு வருவார். நெல்லி மரத்தடியில் பலகை போட்டு ஆண்களுக்கு வெட்டுவார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்கம்மா, பொம்பளைங்க தலைக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதானுங்க. முழுசா எடுத்துருவனுங்க. பாதியில நிறுத்தறதெல்லாம் ஆம்பளைக்குத்தான்."

"ஆம்பளைக்குப் பண்றதையே பண்ணி உடேன்."

"பண்ணீரலாமுங்க. அப்பறம் மீச எங்கேன்னு யாராச்சும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்."

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரிசையில் அப்பாவும் இருந்தார். அவர் மட்டும் எழுந்து போய்விட்டார். எங்களை அவமானப்படுத்திவிட்டுப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை தகரத்தில் கொட்டியது. அப்பா கால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் கவாத்துக் கத்திரி. சோப்புப் போட்டுக் கழுவி, கல்லில் தீட்டி, பளபளவென்று வைத்திருந்தார். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், என்னிடம் அல்ல, அம்மாவிடமே சொன்னார்.

"ஏம்புள்ள. நான் வெட்டட்டா?"

அம்மா கையைத் தூக்கித் துண்டை அவிழ்த்தாள்.

இடது பக்கம் சிரைத்த இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு முடி முளைத்து, சுருட்டைச் சுருட்டையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் முழங்கால் வரைக்கும் முடி. அப்பா பின்னால் போய் நின்றார். முடியைச் சேர்த்துப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். கத்திரியைக் கழுத்தடியில் வைத்து அழுத்தினார்.

கவாத்துக் கத்திரி செடிக் கொம்பு நறுக்குவதற்குச் செய்தது. முடியை அது வெட்டவில்லை, மென்றது. கறக், கறக் என்று சத்தம். கடைசியில் முடி கற்றையாக அம்மா மடியில் விழுந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பயம் வந்தால் வேலையைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கும் பேசினார்.

"நடுவுல வெளிச்சம் உளுகோணும் புள்ள. காத்து போகோணும். பக்கக் கொம்ப நல்லா விரிய உடோணும். உச்சிய அடக்கி வெச்சா அது தன்னால பக்கத்துல பெருகும்..."

அதாவது காப்பிச் செடிக்குச் செய்வதையே செய்துகொண்டிருந்தார். காப்பிச் செடியைக் குடை மாதிரி விரித்து, தலையை மட்டமாக வைப்பார்கள், பறிக்கிறவள் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக. அவருக்குத் தெரிந்த அழகு அதுதான். வலது பக்கத்தையும் காது மட்டத்துக்கு வெட்டி, இடது பக்கத்துக்குச் சரியாக விரித்துவிட்டார். நெற்றிக்கு மேலே ஒரு கொத்தை எடுத்து மட்டமாக நறுக்கினார்.

சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தாள். "அட கிரகமே! ஆடு மேஞ்ச மாதிரி இருக்குதேடா! நிறுத்துடா!"

திரும்பி ஓடினாள். வரும்போது ஒரு கையில் தையல் கத்திரி, மறு கையில் அவள் வீட்டுச் சுவர்க் கண்ணாடி. அந்தத் தையல் கத்திரியை அத்தை யாருக்கும் தர மாட்டாள். முடி வெட்டினால் துணி வெட்டாது என்பாள், காகிதம் வெட்டக் கேட்டதற்கே என்னை விரட்டியிருக்கிறாள். அன்றைக்கு அதை அப்பாவின் கையில் திணித்துவிட்டு, கவாத்துக் கத்திரியைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "அம்மாளுக்கு நேராப் புடி, ஆட்டாத" என்றாள்.

எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. பொட்டு வைக்கும்போது நெற்றி தெரியும், மை வைக்கும்போது கண் தெரியும். முழு முகம் அதில் விழாது. அம்மா தன் முகத்தை முழுசாகப் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

பார்த்தாள். உருண்ட முகம். இரண்டு பக்கமும் விரிந்த முடி. உச்சி மட்டம். பூசணிக்காய்க்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. அம்மா அழப்போகிறாள் என்று நினைத்து நான் முந்தி அழ ஆரம்பித்தேன்.

அம்மாவின் தோள் குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, என்னையக் காப்பிச் செடியாவே ஆக்கிப்போட்டீங்களே. இந்த வருசம் என்ன மாசத்துலீங்க பழம் பறிக்கறது?"

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். அப்பா கத்திரியைப் பிடித்தபடி நின்றார். வைகாசிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சிரித்து முடித்துவிட்டு அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையையும் காதோரம் வைத்து, விரிந்த முடியைத் தலையோடு ஒட்டி அழுத்தினாள். முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. கன்னம் இறங்கியது, கண் பெரிதானது. எனக்கே ஆச்சரியம். உச்சியில் இருந்த முடி தானாக மேலே எழும்பி நின்றது.

"அப்படியே புடி அம்மிணி!" என்றாள் அத்தை. "அப்படியே இரு. டேய், பக்கத்த ஒட்ட எடு. மேல தொடாத."

"காப்பிக்கு நேர் எதிரா இருக்குதே," என்றார் அப்பா.

"என்ற மூஞ்சியத் தோட்டத்துல நட்டு வெக்கப் போறீங்களா?" என்றாள் அம்மா.

பெண்களே, இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பார்லருக்குப் போகுமுன் வீட்டிலேயே பெரிய கண்ணாடி முன்னால் நின்று உள்ளங்கையை இரண்டு காதோரமும் வைத்து அழுத்திப் பாருங்கள். முகம் நன்றாக இருந்தால் உங்களுக்குப் பக்கம் ஒட்ட வேண்டும், உச்சி தூக்க வேண்டும். நீங்கள் ஆரஞ்சு. அழுத்தினதும் முகம் இன்னும் நீண்டு பேய் மாதிரி தெரிந்தால் நீங்கள் என் கட்சி, பக்கத்தில் கொஞ்சம் விரிய விடுங்கள். தாடை அகன்றவர்கள் முடியைத் தாடை மட்டத்தில் நிறுத்தாதீர்கள், அதற்கு மேலோ கீழோ நிறுத்துங்கள். போனில் எழுதியிருப்பதும் இதேதான் என்கிறாள் பேத்தி. நல்லது, போனுக்கும் புத்தி இருக்கிறது.

அம்மா விரலைக் காதோரம் வைத்திருக்க, விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அப்பா தையல் கத்திரியால் எடுத்தார். துணி வெட்டுகிற சத்தம்தான், சரசரவென்று. வலது பக்கம் வந்தபோது அத்தை தடுத்தாள்.

"பூ எங்க வெக்கிறது? கல்யாணத்துக்குப் போறவ பூ இல்லாமயா போவா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அத்தை மனதில் அம்மா போவது முடிவாகிவிட்டதென்று. அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. வலது காதுக்குப் பின்னால் ஒரு கொத்தை மட்டும் நீளமாக விட்டார்கள், காது மடலைத் தொட்டு நிற்கும்படி. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினதில் அம்மாவின் உருண்டை முகத்துக்கு ஒரு சாய்வு வந்தது. அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. பூவுக்காகச் செய்தது.

கடைசியாக இடது பக்கம். அப்பாவின் சீப்பு தழும்புக்குக் கிட்டே வந்து நின்றுவிட்டது. நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலால் தழும்பைத் தொட்டார்.

"நான் சத்தம் போட்டனே புள்ள," என்றார். "கொம்பு வருது வெலகுன்னு அத்தனை சத்தம் போட்டனே. உனக்குக் கேக்கலியா?"

அம்மா திரும்பவில்லை.

"கேட்டுச்சுங்க. உங்க சத்தம்னுதான நிமிந்து பாத்தன்."

அத்தை என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். "இங்கயே படுத்துக்க சாமி" என்றாள். தன் கத்திரியைக் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கல்யாணமாகி, ஒருநாள் என் கையிலிருந்த கொதிநீர் என் பிள்ளை காலில் பட்ட பிறகு விளங்கியது. அந்தப் பிள்ளையின் காலைப் பல நாள் என்னால் பார்க்க முடியவில்லை. அப்பா அம்மாவின் தலையைப் பார்க்காமல் இருந்ததற்குப் பிடிக்காதது காரணமில்லை.

ஆவணியில் மலை இறங்கினோம். அம்மா பச்சைப் புடவை, அத்தை தைத்த மஞ்சள் ரவிக்கை. தலையில் துண்டு இல்லை, ஆனால் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். கீழே போகப்போகச் சூடு ஏறியது. என் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அம்மா முந்தானையை எடுக்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. நுழைகிற இடத்தில் பெண்ணின் பெரியம்மா தட்டோடு நின்றாள், சந்தனம், குங்குமம், நறுக்கி வைத்த மல்லிகைச் சரம். வருகிற கட்டுக்கழுத்திகளுக்குக் குங்குமம் இட்டுப் பூக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முறை வந்தது. குனிந்து குங்குமம் வாங்கும்போது முந்தானை சரிந்து விழுந்தது.

பெரியம்மா தலையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், தாலி இருந்தது. பக்கத்தில் அப்பாவைப் பார்த்தாள். அவள் கையில் எடுத்த பூச்சரம் அப்படியே நின்றது. பின்னால் யாரோ ஒருத்தி, "இதென்ன கோலமுங்க, மாப்பிள்ளையோட அக்காவா?" என்றது எல்லோருக்கும் கேட்டது. இன்னொருத்தி, "முடிச்சுக்கு வேற ஆளப் பாருங்க" என்றாள்.

அம்மா முந்தானையை எடுக்கக் குனிந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் கால் பின்னால் நகர்வது தெரிந்தது.

பெரியம்மா கெட்டவள் இல்லை, திகைத்துவிட்டாள், அவ்வளவுதான். "தப்பா எடுத்துக்காத அம்மிணி, இதுல நான் பூவ எங்க வெக்கிறது?" என்றாள்.

"இங்கீங்க," என்றார் அப்பா.

தட்டிலிருந்து சரத்தை எடுத்தார். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பெயரைக்கூடச் சொல்ல மாட்டான். அரிவாளும் கத்திரியும் பிடித்துக் காய்த்த விரல்கள். அம்மாவின் வலது காதுக்குப் பின்னால், தான் விட்டுவைத்த கொத்தைத் தூக்கி, அதன் அடியில் பூவை நுழைத்தார். சரம் நழுவியது. மறுபடி நுழைத்தார். "ஊசி குடு கண்ணு" என்று என்னைக் கேட்டார். நான் என் தலையிலிருந்த ஹேர்ப்பின்னை உருவிக் கொடுத்தேன். அதைக் குத்திவிட்டு, தோட்டத்தில் செடியை முடித்ததும் ஓரடி பின்னால் போய்ப் பார்ப்பாரே, அப்படிப் போய்ப் பார்த்தார்.

பெண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. "அடேங்கப்பா, மலைக்காரர் பூ வெக்கிறாருங்கோ!" என்று ஒருத்தி கத்தினாள். அந்தக் கேலி அப்பா சாகிறவரை அவரை விடவில்லை. பெரியம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் கன்னத்தில் சந்தனம் தடவி, "மூஞ்சிக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். "உள்ள போ அம்மிணி, உன்ற தம்பி வாசலையே பாத்துட்டுக் கெடக்கறான்."

மாமா மணையில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவைக் கண்டதும் எழுந்துவிட்டார். ஐயர் பிடித்து உட்கார வைத்தார். மாமா முதல் முடிச்சைப் போட்டுக் கயிற்றை விட்டார். அம்மா குனிந்தாள். நல்ல வெளிச்சத்தில் தழும்பின் நுனி தெரிந்தது, பூ தெரிந்தது, உச்சியில் சுருட்டை முடி நிமிர்ந்து நின்றது. அவள் அதை மறைக்கவில்லை. இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள்.

எல்லோரும் அட்சதையை மணமக்கள் மேல் போட்டார்கள். அப்பா கையில் வைத்திருந்த அட்சதையைப் போட மறந்துவிட்டு அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவ்வளவுதான் கண்ணு, எழுதுனது போதும். கையக் கொஞ்சம் உதறிக்க. இப்ப மொதல்ல இருந்து வாசி, ஆயா கேக்கறன். உன்ற இஷ்டத்துக்கு எதையும் அழகு பண்ணியிருந்தீன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும். பூ வெக்கிற எடம் வந்தா மட்டும் சித்த மெதுவாப் போ.